கறுப்புப் படையின் தலைவி

1. விற்காத பெட்டிகள்

மெர்டேகா, மலாயாவின் சுதந்திரம், நெருங்கிக்கொண்டிருந்த வருடம். மலாக்கா டவுனில் ஒரு சிறிய அச்சகத்தில் நான் பிளாக் வெட்டுகிற வேலையில் இருந்தேன். சோப்பு, ஊதுவத்தி, தைல பாட்டில் லேபிள்களுக்குப் படம் வரைந்து, அதை லினோ என்கிற மென்மையான தகட்டில் வெட்டி அச்சு மிஷினுக்குக் கொடுப்பேன். ஒரு நாள் காலை வேலைக்குப் போனபோது கூடம் முழுக்க அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. உட்கார இடமில்லை.

முதலாளி இபுராகிம் ராவுத்தர் ஒரு பெட்டியைப் பிரித்து மேசைமேல் கொட்டினார். கட்டம் போட்ட பலகை, நான்கு நிறங்களில் சிப்பாய்க் காய்கள், நான்கு அட்டைகள். ஒவ்வொரு அட்டையிலும் ஒரு வெள்ளைக்கார ஜெனரல். நான்கு பேருக்கும் ஒரே முகம், ஒரே மீசை. கோட்டு நிறம்தான் வேறு.

"மூடிட்டுப் போற வெள்ளைக்காரன் கடைச் சரக்கு, வேலு. சும்மா தூக்கிட்டுப் போன்னான். மெர்டேகா வரப்போவுது, இந்த மூஞ்சிய எவன் வாங்குவான்? பலகை நல்ல பலகை. காயும் நல்ல காய். ஜெனரல மட்டும் தூக்கிரு."

"தூக்கிட்டு யார வைக்கிறது முதலாளி? ராஜாவா?"

"ராஜா வேணாம்லா. எந்த ராஜாவ வச்சாலும் எவனாச்சும் சண்டைக்கு வருவான். மந்திரவாதிய வையி. மந்திரவாதிக்கு எந்த ஊரு, எந்த ஜாதி? ஒருத்தனும் கேக்க மாட்டான்."

இந்தக் காலத்துப் பிள்ளைகள் கம்ப்யூட்டரில் போர் விளையாட்டு விளையாடுகிறார்கள். பிறர் செய்த விளையாட்டைப் பிரித்து, அதில் உள்ள தலைவர்களை எடுத்துவிட்டு மந்திரவாதிகளை உட்காரவைக்கிறார்கள். 'மோட்' என்று அதற்குப் பெயர் சொன்னார்கள். அப்படிச் செய்யும் இரண்டு பேர், நான் பழைய அச்சுத் தொழிலாளி என்று கேள்விப்பட்டு, அந்தக் காலத்தில் தலைவர்களை எப்படி வரைந்தீர்கள் என்று என்னைக் கேட்டார்கள். மை, ரோலர், லினோ கத்தி பற்றிச் சொல்லி அனுப்பிவிட்டேன். முக்கியமானதைச் சொல்லவில்லை. வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

2. நான்கு தலைவர்கள்

பழைய விளையாட்டில் ஜெனரல் கோட்டையிலேயே இருப்பார். அவர் பிடிபட்டால் அந்தப் படை தோற்றது. மூன்று சுற்றுக்கு ஒருமுறை ஒவ்வொரு கோட்டையிலும் ஒரு புதிய சிப்பாய் வரும். இவ்வளவுதான் விதி. ஜெனரலை எடுத்துவிட்டு மந்திரவாதியை வைத்தால், அவர் சும்மா உட்கார்ந்திருக்க முடியாது. ஆளுக்கொரு சக்தி கொடுக்க வேண்டும். படம், சக்தி, தமிழில் விதித்தாள் மூன்றும் என் பொறுப்பு. மலாய்த் தாளை முதலாளி பார்த்துக்கொண்டார்.

நீலப் படைக்கு, காற்றைத் திருப்பிவிடும் கடல் மந்திரவாதி. மஞ்சளுக்குப் புலிமேல் ஏறிவருபவர். அவருடைய காய் இரண்டு கட்டம் தாண்டும். சிவப்புக்கு நெருப்பு. மூன்று பேரையும் ஒரே மத்தியானத்தில் வரைந்துவிட்டேன். தைல லேபிளுக்கு வரைந்து பழகிய தாடியும் புருவமும்தான். வேலை சுலபமாக முடிந்தது, ஆனால் மூன்றும் பொம்மை மாதிரி இருந்தன. பழைய ஜெனரலாவது பார்த்தால் உத்தரவு போடுகிறவர் போல இருந்தார்.

நான்காவது கறுப்புப் படை. இதையாவது உயிரோடு வரையவேண்டும் என்று நினைத்தேன். தலைவர் என்றால், வாயைத் திறந்தால் எல்லாரும் எழுந்து ஓடவேண்டும். அப்படி ஒரு முகத்தை நான் பார்த்திருக்கிறேனா?

பார்த்திருந்தேன். ஐந்து மாதத்துக்கு முன் எங்கள் வீட்டிலேயே.

நாங்கள் அப்போது காஜா பெராங் பகுதியில் வாடகைக்கு இருந்தோம். எங்கள் வரிசையில் எந்த வீட்டில் பிரசவம் என்றாலும் மீனாச்சி அம்மாள்தான் வருவார். தலைமுறை தலைமுறையாக மலாக்காவில் இருக்கும் செட்டிக் குடும்பம். நெற்றியில் திருநீறு, உடம்பில் மலாய்ப் பெண்கள் உடுத்தும் சாரோங் கெபாயா, பேச்சு முழுக்க மலாய். மருத்துவச்சியை மலாயில் பீடான் என்பார்கள். அவரை எல்லாரும் மாக் பீடான் என்றோம். மாக் என்றால் அம்மா. இடது காதுமடல் கிழிந்து இரண்டாகத் தொங்கும். சின்ன வயதில் ஏதோ ஒரு குழந்தை தோட்டைப் பிடித்து இழுத்துவிட்டதாம். மோவாயில் ஒரு மச்சம்.

என் மகள் பிறந்த காலையில் நான் வாசலில் அழுதுகொண்டு நின்றேன். மாக் கதவைத் திறந்து என்னைப் பார்த்தார். சத்தம் போடவில்லை. வெந்நீர் என்றார், துணி என்றார், விலகு என்றார். நான் ஓடினேன். வீட்டுச் சொந்தக்காரர் ஓடினார். அடுத்த வீட்டுக்காரர்கூட ஓடினார். அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை.

அதைத்தான் வரைந்தேன். மரியாதையாகத்தான் வரைந்தேன். அந்த நேரத்தில் அது உண்மை.

3. பயம் வரணும்

முதலாளி படத்தைக் கையில் எடுத்துத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நல்லா வரைஞ்சிருக்கப்பா. ஆனா இது ரொம்ப நல்லவளா இருக்கா. கறுப்புப் படை எதிரிப் படை. பாத்தா பயம் வரணும்."

கண்ணுக்குக் கீழே கோடு போட்டேன். நகத்தை நீட்டினேன். முகத்துக்குப் பச்சை மை ஓட்டுவதற்காகத் தனியாக ஒரு பிளாக் வெட்டினேன். காதையும் மச்சத்தையும் எடுத்திருக்கலாம். இரண்டு நிமிட வேலை. எடுக்கவில்லை. நான் வெட்டிய படங்களிலேயே அந்தக் காது ஒன்றுதான் அசலாக வந்திருந்தது. அதை அழிக்க மனம் வரவில்லை.

அடுத்தது அவருக்குச் சக்தி கொடுக்க வேண்டும். பிரசவத்தில் பிள்ளையைப் பிடிக்கிற கை என் மனதில் இருந்தது. "எந்தக் கோட்டையில் புதிய சிப்பாய் பிறந்தாலும் கறுப்புத் தலைவி அதைத் தனதாக்கிக்கொள்வாள்" என்று எழுதினேன். எழுதிவிட்டு, நல்ல யோசனை என்று நானே சிரித்துக்கொண்டேன்.

சாப்பாட்டு நேரத்தில் முதலாளி, கம்பாசிட்டர், மிஷின்மேன், நான் நான்கு பேரும் ஆடிப் பார்த்தோம். யார் கறுப்பை எடுத்தாலும் அவர்தான் ஜெயித்தார். மற்ற மூன்று படைக்கும் புது ஆளே சேரவில்லை. ஒரு வாரம் ஆடியும் அப்படித்தான்.

"இப்படி இருந்தா நாலு பேருக்கும் கறுப்புதான் வேணும்பாங்க. சரி பண்ணு" என்றார் முதலாளி.

சரி பண்ணச் சுலபமான வழி இருந்தது. அந்தச் சக்தியை ஒரு ஆட்டத்தில் இரண்டு தடவைதான் பயன்படுத்தலாம் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். நான் வேறு ஒன்று சேர்த்தேன். அவள் சிப்பாயைப் பிடிக்க வரும்போது மற்ற மூவரும் சேர்ந்து "துரத்து!" என்று ஒரே குரலில் கத்தினால், அவள் மூன்று சுற்று பலகையை விட்டு வெளியே போகவேண்டும். மலாய்த் தாளில் அது "ஹாலாவ்!" என்று போனது.

அன்று மத்தியானம் ஆடினோம். மிஷின்மேன் கத்திய கத்தலில் தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். முதலாளி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "இதுதான்லா விளையாட்டு! இதுக்காகவே வாங்குவாங்க" என்றார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

4. சரஸ் சொன்னது

அச்சுக்கு முன் எடுத்த மாதிரிப் பிரதியை, ப்ரூஃபை, வீட்டுக்கு எடுத்துப் போய் என் மனைவி சரஸ்வதியிடம் காட்டினேன். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு தடவை பார்த்தாள். அவ்வளவுதான்.

"ஏங்க, இது மாக்தானே?"

"எந்த மாக்?"

"எந்த மாக்கா? உங்க புள்ளைய மொதமொத கையில வாங்குனவங்க. காது அப்படியே இருக்கு. ஏன் பச்சையா அடிச்சிருக்கீங்க?"

"அது மந்திரவாதி சரஸ். தலைவி. பெரிய ஆளு மாதிரி."

அவள் விதித்தாளை வாங்கிப் படித்தாள். படித்து முடித்துவிட்டு என்னைப் பார்க்கவில்லை. தாளை மடித்து என் சட்டைப் பையில் வைத்தாள்.

"பொறக்குறத புடிச்சிக்கிறவளா? இத மாத்திருங்க. இன்னும் அச்சு ஓட்டல இல்ல?"

ஓட்டவில்லை. மறுநாள் காலைதான் மிஷின் ஏறுவதாக இருந்தது. புதிதாக ஒரு முகம் வெட்ட அரை நாள் போதும்.

"யாருக்கும் தெரியாது. நீ தினம் பாக்குறதால உனக்குத் தெரியுது" என்றேன்.

மறுநாள் அச்சு ஓடியது.

5. ஹாலாவ்

பள்ளி விடுமுறைக்குப் பெட்டிகள் கடைக்குப் போயின. ஜாலான் பெண்டஹாரா தெருக் கடைகளில் துணிமூட்டைக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்து விற்றார்கள். சீக்கிரமே எங்கள் தெருவிலும் வாசலுக்கு வாசல் பலகையை விரித்துப் பிள்ளைகள் உட்கார்ந்துவிட்டார்கள். "ஹாலாவ்!" சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருந்தது. எத்தனை நாள் அப்படி இருந்தது என்று எண்ணிப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது.

ஒரு சாயங்காலம் சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்தேன். மாக் பையோடு எதிரே வந்தார். ஒரு வாசலில் ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகளில் ஒருத்தி அட்டையைப் பார்த்தாள், மாக்கைப் பார்த்தாள், மறுபடியும் அட்டையைப் பார்த்தாள். பிறகு எல்லாரும் சேர்ந்து "ஹாலாவ்!" என்று கத்தினார்கள். மாக்குக்கு ஒன்றும் புரியவில்லை. பிள்ளைகள் ஆட்டத்தில் கத்துகிறார்கள் என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போனார். நான் இறங்கவில்லை. பெடலை வேகமாக மிதித்தேன்.

அதற்குப் பிறகு அவர் எந்தப் பக்கம் நடந்தாலும் அந்தச் சத்தம் கூடவே போனது. பெரியவர்கள் முதலில் பிள்ளைகளை அதட்டினார்கள். பிறகு அதட்டவில்லை. பிறகு அட்டையை வாங்கிப் பார்த்தார்கள். எந்தத் தெருவில்தான் செத்துப் பிறந்த குழந்தை இல்லை? அதற்கெல்லாம் இப்போது ஒரு காரணம் கிடைத்தது.

எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி பாக்கியம் அம்மாவின் வீடு. அவருடைய மருமகளுக்கு அது முதல் பிரசவம். வலி எடுத்த அன்று காலை நான் வேலைக்குப் போகச் சைக்கிளை வெளியே எடுத்துக்கொண்டிருந்தேன். சொல்லி அனுப்பாமலே மாக் வந்து நின்றார். நாள் கணக்கு அவருக்குத் தெரியும். பாக்கியம் அம்மா கேட்டைத் திறக்கவில்லை.

"வேணாம் மாக். நாங்க ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

பிள்ளை இறங்கிவிட்டது, ஆஸ்பத்திரி வரை தாங்காது, நான் ஒரு தடவை பார்க்கிறேன் என்று மாக் மலாயில் சொன்னார். பாக்கியம் அம்மா கேட்டைப் பிடித்த கையை எடுக்கவில்லை. மாக் என் பக்கம் திரும்பினார். என் மகளைப் பிரசவத்தில் கையில் வாங்கியவர் அவர்தான் என்று நான் ஒரு வார்த்தை சொல்வேன் என்று எதிர்பார்த்திருக்கலாம். நான் டயரில் காற்று இருக்கிறதா என்று குனிந்து அழுத்திப் பார்த்தேன்.

குழந்தை வழியில், மூன்று சக்கரத் திரிஷா வண்டியிலேயே பிறந்தது. அது பிழைத்துக்கொண்டது. மருமகளுக்கு ரத்தம் நிற்காமல், பல வாரம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள்.

6. காது

அதற்கு இரண்டாம் நாள் மாக் அச்சகத்துக்கு வந்தார். ப்ரூஃப் பார்க்கும் மேசையில் அட்டையை வைத்தார்.

"வேலு, இனி மூக்கா சியாப்பா?"

இது யார் முகம் என்று கேட்டார். அவர் முழுக்க மலாயில்தான் பேசினார். நான் நினைவிலிருந்து தமிழில் எழுதுகிறேன். முதலாளி கணக்கு மேசையிலிருந்து தலையைத் தூக்கினார்.

"அது இங்கிலீஷ் புஸ்தகத்துல இருந்த படம், மாக். அத பாத்து வெட்டுனேன்."

அவர் அட்டையைப் பார்த்தார். கையைத் தூக்கித் தன் இடது காதைத் தொட்டார்.

"வெள்ளைக்காரிக்கும் காது கிழிஞ்சிருக்குமா?"

"இருக்கும் மாக்."

அப்படித்தான் சொன்னேன். அந்த இரண்டு வார்த்தையையும் நான் சொன்னேன். அவர் அட்டையைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வெளியே போனார்.

"ஏம்ப்பா, நெசமாவே அந்தம்மா மூஞ்சியா?" என்று முதலாளி கேட்டார்.

"இல்ல முதலாளி."

அடுத்த மாதமே மாக் காஜா பெராங் வீட்டைப் பூட்டிவிட்டு கடலோரம் உஜோங் பாசிரில் இருந்த தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். சரஸ் என்னிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். சோறு போடுவாள், தண்ணீர் வைப்பாள்.

ஊரெல்லாம் மெர்டேகா கொண்டாட்டம் முடிந்து, தெருவில் கட்டிய காகிதக் கொடிகள் மழையில் கரைந்துகொண்டிருந்த நாட்களில், முதலாளியிடம் போய் உண்மையைச் சொன்னேன். திட்டுவார், வேலையை விட்டு அனுப்புவார் என்று நினைத்தேன். அவர் கணக்குப் புத்தகத்தை மூடினார்.

"அன்னிக்குக் கேட்டேனே வேலு. அன்னிக்கே சொல்லியிருந்தா கடை கடையா நானே போயி பெட்டிய எடுத்துட்டு வந்திருப்பேனே. இப்ப ஒரு பெட்டி இல்லையேப்பா."

எழுந்து ரேக்கிலிருந்து அந்த பிளாக்கைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "நீ வெட்டுனது. நீயே செதுக்கி அழிச்சிரு" என்றார். அவர் நல்ல மனிதர் என்பது எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். என் கோழைத்தனத்துக்கு அவர்மேல் பயம் என்று அத்தனை நாள் பெயர் வைத்திருந்தேன்.

7. நான்காவது வீடு

அந்த ஞாயிற்றுக்கிழமை உஜோங் பாசிருக்குப் போனேன். மாக் பாயில் உட்கார்ந்து, வலையில் வந்த பொடி இறாலில் குப்பை பொறுக்கிக்கொண்டிருந்தார். நான் நின்றுகொண்டே சொன்னேன். முகம் அவருடையது, சக்தி நான் கொடுத்தது, துரத்து என்று எழுதியதும் நான்தான். முதலாளிக்கு ஒன்றும் தெரியாது.

"தாவு" என்றார். தெரியும் என்று பொருள். கை நிற்கவில்லை.

பிறகு சொன்னார்: "என்கிட்ட வந்து சொல்லி என்ன? எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்க காஜா பெராங்ல இருக்காங்க. அங்க போய் சொல்லு."

உட்காரச் சொல்லவில்லை. திட்டவும் இல்லை.

மறு ஞாயிறு எங்கள் வரிசையில் ஒரு முனையிலிருந்து ஆரம்பித்தேன். முதல் வீட்டுப் பெண் துணி காயப்போட்டுக்கொண்டே கேட்டாள். "அப்படியாண்ணே? அது சும்மா வெளயாட்டுதானே" என்று சிரித்தாள். இரண்டாவது வீட்டில் ஒருவர் சைக்கிள் செயின் மாட்டிக்கொண்டிருந்தார். "சரி சரி" என்றார். காதில் வாங்கினாரா என்று தெரியவில்லை.

மூன்றாவது பாக்கியம் அம்மாவின் வீடு. மருமகள் உள்ளே படுத்திருந்தாள். குழந்தை பாக்கியம் அம்மாவின் மடியில் இருந்தது. நான் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் கேட்டார்.

"அவங்க மூஞ்சிய பாத்துதான் வரைஞ்சேங்குற."

"ஆமாங்கம்மா. அவங்க மேல ஒரு தப்பும் இல்ல. எல்லாம் நான் கற்பனையா பண்ணுனது."

"சும்மா இருக்கறவங்கள எவனாச்சும் வரைவானாப்பா? அவங்க அப்படி இருக்கப்போய்தானே உனக்கு அப்படி வந்துருக்கு."

அதுவரை படம்தான் மாக்கைப் போல இருந்தது. இப்போது மாக்தான் படத்தைப் போல ஆகிவிட்டார். என் வாக்குமூலமே அதற்குச் சாட்சியாகிவிட்டது.

நான்காவது வீட்டுக்குப் போனேன். வாசலில் இருந்த பெண் எழுந்து, "வாங்கண்ணே, என்ன விஷயம்?" என்றாள்.

"ஒண்ணுமில்லம்மா. இந்தப் பக்கம் வந்தேன். சும்மா பாத்துட்டுப் போலாம்னு" என்றேன்.

அந்த வரிசையில் பதினொரு வீடு இருந்தது. நான் மூன்றோடு நின்றுவிட்டேன். மாக் திரும்பி வரவில்லை. எங்கள் இரண்டாவது பிள்ளை ஆஸ்பத்திரியில் பிறந்தது. பிறகு முப்பது வருடம் அச்சுத் தொழிலில் இருந்தேன். மனித முகம் வேண்டும் என்று கேட்டவர்களை வேறு ஆளிடம் அனுப்பினேன். பூ வரைந்தேன், மயில் வரைந்தேன், விளக்கு வரைந்தேன். அதனால் யாருக்கும் எந்த நன்மையும் இல்லை.

என்னைத் தேடி வந்த அந்த இரண்டு பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதை இங்கே சொல்லிவிடுகிறேன். தலைவர்களை மாற்றுங்கள், மந்திரவாதியை வையுங்கள், தப்பில்லை. ஒரு படை எப்போதும் ஜெயித்துக்கொண்டே இருந்தால் விதியைக் குறையுங்கள். கத்துவதற்கு ஒரு ஆளைக் கொடுக்காதீர்கள். முகத்தை எங்கிருந்தோ எடுத்திருந்தால், அச்சுக்குப் போவதற்கு முன் அந்த ஆளிடமே கொண்டுபோய்க் காட்டுங்கள். விதித்தாளையும் படித்துக் காட்டுங்கள். போகக் கால் கூசினால் அதுவே பதில், மறுபடி வரையுங்கள்.

ப்ரூஃப் என் சட்டைப் பையில் இருந்த அன்று, மாக்கின் வீடு எங்கள் வீட்டிலிருந்து நூறு காலடி தூரம்கூட இல்லை. அவரிடம் காட்ட முடியாது என்று எனக்கு அன்றே தெரியும்.